எச் முத்திரை

மளிகை ஆப் ஒன்றுக்குக் கூப்பன் கோட் எழுதும் வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தேன். விலையில் நூறு ரூபாய் குறைக்க ஒரே வரி போதும். மீதி வரிகளெல்லாம் அந்தத் தள்ளுபடி யாருக்குப் போகக் கூடாது என்பதற்கு. பழைய வாடிக்கையாளரா? கிடையாது. ஐநூறுக்குக் கீழே வாங்குகிறாரா? கிடையாது.

அப்போதெல்லாம் மணவூர்ப் பாட்டியின் பச்சை ரேஷன் கார்டு ஞாபகத்துக்கு வரும். "ரேஷன் அரிசி இட்லிக்கு, கடை அரிசி சோத்துக்கு" என்பது பாட்டியின் கணக்கு. மாசக் கடைசியில் சோறும் ரேஷன் அரிசிதான்.

அந்த அட்டைக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. உலகப் போர்க் காலத்து உணவுக் கட்டுப்பாட்டை 1952-ல் ராஜாஜி நீக்கினார். 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று அண்ணா வந்தார். 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. 1997-ல் ஒன்றிய அரசு, வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று மக்களைப் பிரிக்கச் சொன்னது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. அரிசி வேண்டாம் என்கிற வீடு, தானாகவே சர்க்கரை கார்டுக்கு மாறிக்கொள்ளலாம். கோட்டைக் கிழிப்பது அந்தந்த வீட்டின் விருப்பம்.

ஒரே ஒருமுறை இங்கேயும் கோடு கிழித்துப் பார்த்தார்கள். 2000-களின் தொடக்கத்தில், மாத வருமானம் 5000 ரூபாயைத் தாண்டிய குடும்பங்களின் கார்டில் 'எச்' முத்திரை விழுந்தது. அவர்களுக்கு ரேஷன் அரிசி இல்லை. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளும் அ.தி.மு.க. படுதோல்வி அடைந்தது. ஜெயலலிதா அரசு பின்வாங்கிய முடிவுகளில் எச் முத்திரையும் ஒன்று. 2011-லிருந்து அரிசி இலவசம்.

எல்லோருக்கும் கொடுத்தால் வீணாகாதா? ஆகும். எங்கள் பக்கம் ஆந்திர எல்லை. ரயிலில் ரேஷன் அரிசி கடத்திப் பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். ஆனால் கோட் எழுதியவனாக எனக்கு ஒன்று தெரியும்: எந்த நிபந்தனையும் தப்பு செய்யும். வசதியானவரை உள்ளே விட்டால் சில கிலோ அரிசி நஷ்டம். 5100 ரூபாய் சம்பளத்தில் நோயாளியை வைத்திருக்கும் வீட்டை வெளியே தள்ளினால், அங்கே அடுப்பு எரியாது.

பாட்டியிடம் யாரும் வருமானச் சான்று கேட்டதில்லை. பையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள், அவ்வளவுதான்.