செடி முதலில், விலங்கு பிறகு: ஒரு கண்ணாடிப் பெட்டியின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

பச்சோந்தியையும் பல்லியையும் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் வெளிநாட்டுக் காணொளிகளைப் பிள்ளைகள் இப்போது நிறையப் பார்க்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு குட்டிக் காடே இருக்கிறது. "செடியெல்லாம் அழகுக்குத்தானே ஐயா?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். இதற்குப் பதில் சொல்ல ஏறத்தாழ இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

1829ஆம் வருடம். லண்டனின் கிழக்குப் பகுதியில் நத்தானியேல் பாக்‌ஷா வார்ட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். பெரணிச் செடிகள் மேல் அவருக்குத் தீராத ஆசை. ஆனால் ஊரெல்லாம் நிலக்கரிப் புகை, நட்டதெல்லாம் கருகிப்போனது. அந்தச் சமயத்தில் விட்டில்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றைக் கவனிப்பதற்காக, ஈர மண் போட்ட அகல வாய்ப் பாட்டிலில் அதைப் புதைத்து மூடி வைத்தார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது; பிறகு வழிந்து மண்ணுக்கே திரும்பியது. அவர் பார்க்க நினைத்தது பூச்சியை. மண்ணிலிருந்து எட்டிப் பார்த்ததோ ஒரு பெரணியும் ஒரு புல்லும்! தண்ணீரே ஊற்றாமல் ஏறத்தாழ 4 வருடம் அவை உயிரோடு இருந்தன.

'வார்டியன் பெட்டி' பிறந்தது இப்படித்தான். 1833இல் இதில் செடி வைத்து சிட்னிக்குக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார்; செடிகள் பிழைத்தன. 1842இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1845இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி நீங்கியதும் பெட்டி மலிந்தது, வீட்டுக்கு வீடு பெரணிப் பெட்டி வந்தது. நம் பக்கத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. 1861இல் தென் அமெரிக்காவின் சின்கோனா கன்றுகள் நீலகிரிக்கு வந்ததும், 1876இல் 1,900க்கும் மேற்பட்ட ரப்பர் கன்றுகள் இலங்கைக்குப் போனதும் இந்தப் பெட்டிகளில்தான். பேரரசின் வியாபாரம் இந்தக் கண்ணாடிக்குள் ஏறித்தான் கடல் கடந்தது.

சரி, ஊர்வனவற்றுக்கு வருவோம். உலகிலேயே முதல் ஊர்வன காட்சிக்கூடம் 1849இல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் திறக்கப்பட்டது. செடிக்கு அத்தனை கரிசனம் காட்டிய அதே நகரத்தில் பாம்புக்குக் கிடைத்தது ஒரு பெட்டியும் ஒரு கம்பளியும். 1851இல் அங்கிருந்த போவா பாம்பு ஒன்று தன் கம்பளியையே விழுங்கிவிட்டது. பல நாள் கழித்துத்தான் அதைக் கக்கியது. சிரிப்பு வரும் செய்திதான். ஆனால் அந்தப் பெட்டியில் அதற்கு வேறு என்ன இருந்தது என்றும் யோசிக்க வேண்டும்.

இந்த இரண்டு பெட்டிகளையும் ஒன்றாகச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் யோஹான் ஃபான் ஃபிஷர். 1884இல் ஜெர்மனியில் அவருடைய பெரிய கையேடு வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'டெரேரியம்: அதில் செடி நடுதலும் உயிர்களைக் குடியேற்றுதலும்'. வரிசையைக் கவனியுங்கள். செடி முதலில், விலங்கு பிறகு. வீட்டைக் கட்டிவிட்டுத்தானே ஆளைக் குடிவைக்க வேண்டும்!

ஆனால் வரலாறு நேர்கோட்டில் போவதில்லை. இருபதாம் நூற்றாண்டில் பல இடங்களில் 'சுத்தம்' என்ற பெயரில் செடியும் மண்ணும் வெளியே போயின. கழுவ எளிதான தரை, காகித விரிப்பு, பிளாஸ்டிக் இலை என்று ஆகிவிட்டது. நோயைத் தடுக்க அதில் நியாயமும் இருந்தது. அதே காலத்தில் மறுபக்கமும் சிலர் யோசித்தார்கள். லண்டனில் 1927இல் திறந்த புதிய ஊர்வனக் கூடத்தை வடிவமைத்த ஜோன் பிராக்டர் என்ற பெண்மணி வெப்பத்தையும் வெளிச்சத்தையும் விலங்கின் தேவைக்கேற்ப அமைத்தார். சுவிட்சர்லாந்தின் ஹெய்னி ஹெடிகர், 1942இல் வெளியான தன் நூலில், அடைப்பிடத்தின் அளவைவிட அதன் தரமே முக்கியம் என்றார்.

தரம் என்றால் என்ன? பச்சோந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீர் என்றே கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். பக்கத்தில் கிண்ணம் நிறைய இருக்க, தாகத்தில் வாடும் விலங்கு அது. அதற்கு இலைதான் தண்ணீர்ப் பானை, ஒளிய இடம், நடக்கப் பாதை எல்லாம்.

இன்னொரு உதாரணம் தவளை. ஊர்வன இனம் இல்லைதான், பாடம் ஒன்றே. மத்திய அமெரிக்காவின் சிறு நச்சுத் தவளை ஒன்றில், தாய் தன் தலைப்பிரட்டைகளை அன்னாசிக் குடும்பச் செடிகளின் இலை இடுக்கில் தேங்கிய நீரில் கொண்டுபோய் விட்டு, கருவுறாத முட்டைகளை உணவாகக் கொடுக்கும். பீட்டர் வேகோல்ட் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1980இல் இதை விரிவாக எழுதினார். அவர் கவனித்தது வளர்ப்புத் தவளைகளை! இலை இடுக்கும் தேங்கிய நீரும் இல்லாத வெறும் பெட்டியில் அந்தத் தாய்மையை யாரால் பார்த்திருக்க முடியும்?

இப்போதைய முறையில் மண்ணில் சருகு தின்னும் நுண்ணுயிர்களையும் சிறு பூச்சிகளையும் விடுகிறார்கள். அவை எச்சத்தை மக்க வைக்கும். செடி அதை உரமாக எடுக்கும். நம் வீட்டு மணி பிளாண்ட்டும் மருளும் இந்தப் பெட்டிகளில் சகஜம். அரளி போன்ற நச்சுச் செடி கூடாது. நர்சரியில் மருந்தடித்த செடியை அப்படியே வைக்கவும் கூடாது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். ஊர்வன விலங்கு தன் நோயைக் கடைசி வரை மறைக்கும், முனகாது. செடி மறைக்காது. வெளிச்சம் குறைந்தால் வெளுக்கும், ஈரம் மிகுந்தால் அழுகும். பெட்டிக்குள் பேசத் தெரிந்த சாட்சி அது ஒன்றுதான். பிளாஸ்டிக் இலை எந்தக் கொடுமையிலும் பச்சையாகவே இருக்கும்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு: நட்சத்திர ஆமை, உடும்பு, நம் ஊர்ப் பச்சோந்தி இவற்றைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலியோரம் நாலு செடி நட்டு வையுங்கள். ஓணான் தானாக வரும்.