நிழற்படத் தொகுப்பும் பெயரில்லாத முகங்களும்

வீட்டு அலமாரியில் இருக்கும் நிழற்படத் தொகுப்பை நாம் வரலாற்று நூலாகக் கருதுவதில்லை. ஆயினும் எளிய குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கிறது. அத்தொகுப்பு வளர்ந்த கதையை அறிந்தால், பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம் இன்று செய்யவேண்டியது என்ன என்பதும் விளங்கும்.

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் டாகுவேர் கண்ட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பதியும். படி எடுக்க இயலாது. நான்கே ஆண்டுகளில் அக்கலை சிங்கப்பூரை எட்டியது. 1843இல் டுட்ரோன்குவா என்னும் தங்கும் விடுதி உரிமையாளர் படம் எடுத்துத் தருவதாக இங்கு செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். மலாக்காவில் பிறந்து, சிறுவயதில் தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா, அத்தகைய தகட்டில் சிங்கப்பூர் நகரைக் கண்ட வியப்பை 1849இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார்.

தகடுகளைக் கொண்டு தொகுப்பு நூல் உருவாகாது. அதற்குத் தாள் வேண்டும். இங்கிலாந்தின் டால்பட், ஒரே மூலத்திலிருந்து பல தாட்படிகள் எடுக்கும் முறையை வகுத்தார். 1844 முதல் 1846 வரை அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் ஒவ்வொரு படமும் கையால் ஒட்டப்பட்டது. 1854இல் பாரிசின் டிஸ்டேரி, அறிமுக அட்டை அளவிலான சிறு படங்களுக்கு உரிமம் பெற்றார். அவற்றைச் செருகி வைக்கவே ஐரோப்பிய வீடுகளில் குடும்ப ஆல்பம் பரவியது.

நம் மண்ணில் 1867இல் லம்பர்ட் என்னும் செர்மானியர் சிங்கப்பூரில் நிழற்பட நிலையம் தொடங்கினார். அந்நிறுவனம் பயணிகளுக்கு விற்ற படங்களில் துறைமுகமும் தோட்டங்களும் இருந்தன, தமிழர்களும் இருந்தனர். ஆனால், பெரும்பாலும் இனப்பெயர் மட்டுமே குறிக்கப்பட்டது. படத்தில் நின்றவர் யார், அவர் ஊர் எது என எவரும் எழுதவில்லை. தொகுப்பைச் செய்தவர்கள் அவர்களின் உறவினர் அல்லர் என்பதே காரணம்.

1888இல் ஈஸ்ட்மன் நூறு படங்கள் எடுக்கக்கூடிய கோடாக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1900இல் வந்த பிரௌனியின் விலை ஒரே டாலர். ஆயினும் நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு நெடுங்காலம் நிழற்படம் என்றால் பட்டணத்து ஸ்டூடியோதான். திருமணம், பிள்ளையின் பிறந்தநாள் என வாழ்நாளில் எடுத்த படங்கள் சிலவே. அதனால் ஒவ்வொன்றும் கறுப்புத் தாளில் மூலை ஒட்டிகளுடன் பத்திரமாய் வைக்கப்பட்டது.

1990களில் இலக்கவழி அச்சு இயந்திரங்கள் வந்தன. ஒரே ஒரு படி நூலையும் அச்சிடுவது இயல்பாயிற்று. 2002இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோட்டோ மென்பொருள், சொந்தப் படங்களை நூலாக்கித் தரும் வசதியுடன் வெளிவந்தது. இன்று விடுமுறைப் பயணப் படங்களைக்கூடக் கெட்டி அட்டை நூலாக்க முடிகிறது.

கருவியும் அச்சும் எளிதாகிவிட்டன. ஆனால், கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் குவியும் படங்களில் பெயர் எங்கே? இடம் எங்கே? லம்பர்டு காலத்து அந்நியர் செய்ததையே நாம் நம் பிள்ளைகளுக்குச் செய்துகொண்டிருக்கிறோம். துண்டாடப்பட்ட தோட்டங்களின் கோயிலையும் லயத்தையும் பள்ளியையும் காட்டும் பழைய படங்களில் இருப்போரை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டிமார் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர்.

எனவே, சில வேண்டுகோள்கள். முதலில் பழைய படங்களைப் பாட்டி தாத்தாவிடம் காட்டி, பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பிள்ளைகளின் கையால் எழுதச் செய்யுங்கள். படத்தின் பின்புறம் எழுதுவதாயின் மென்மையான பென்சிலே நல்லது. நூலில் சேர்க்கும் பழைய படங்களை அங்குலத்திற்கு 300 புள்ளி அளவில் வருடி எடுங்கள். புலனத்தில் வழக்கம்போல் அனுப்பிய படம் சுருங்கிவிடும்; அச்சில் மங்கலாகத் தெரியும். தமிழ் எழுத்துகள் சில மென்பொருள்களில் உடைந்துபோகும். அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள். நூறு படங்கள் வேண்டா, நாற்பது போதும். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி இருக்கட்டும்.

தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாக 2014இல் அறிமுகமானது. அப்பாடத்திற்கு இதைவிட அருகிலுள்ள துணைநூல் வேறில்லை. இப்பள்ளி விடுமுறையிலேயே தொடங்குங்கள், பெற்றோர்களே.