ஊசி வழியாக ஏற்றப்பட்ட பயம்

1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிட்ஸ், மக்ளூர் என்ற இரு மருத்துவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'பதற்ற நியூரோசிஸ்' என்று அடையாளமிடப்பட்ட 14 பேருக்கும் அந்த நோயில்லாத 10 பேருக்கும் ரத்தநாளம் வழியாக 20 நிமிடம் சோடியம் லாக்டேட் ஏற்றினார்கள். ஓடினால், சுமை தூக்கினால் தசையில் ஊறுகிற அதே லாக்டேட்தான். நோயாளிகளில் 13 பேருக்குப் பீதி வந்தது. மற்றவர்களில் இருவருக்கு மட்டுமே.

ஃபிராய்டியச் சொல்லாடலில் பீதி ஒரு வாழ்க்கைக் கதையின் குறி. கதையைக் கேட்டால்தான் பயம் விளங்கும். இப்போதோ கதையே வேண்டாம், ஒரு பாட்டில் கரைசல் போதும் என்றாகிவிட்டது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு நியூரோசிஸை உடைத்துப் 'பீதி நோயை'த் தனியாகப் பெயரிட்டது. டொனால்ட் கிளைனின் இமிப்ரமின் ஆய்வுகளோடு இந்தச் சோதனையும் அதற்குப் பக்கபலம். 1990இல் அந்த நோய்க்கென்றே அல்பிரசோலம் மாத்திரைக்கு அங்கே அனுமதி கிடைத்தது. பெயர் வந்தது, பின்னாலேயே சந்தையும் வந்தது.

இதை வெறும் கம்பெனிச் சதி என்று சொல்லித் தப்பிவிட முடியாது. "உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனப்பிரமை" என்று விரட்டப்பட்டவர்களுக்கு, உடம்பில் ஏதோ நடக்கிறது என்று சோதனைக்கூடம் சாட்சி சொன்னது சின்ன விஷயமல்ல.

1989இல் சாண்டர்சன், ரேப்பி, பார்லோ மூவரும் 20 நோயாளிகளைக் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தார்கள். விளக்கு எரிந்தால் திருகைத் திருப்பி வாயுவைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பாதிப் பேருக்குத்தான் விளக்கு எரிந்தது. உண்மையில் அந்தத் திருகு எதையும் குறைக்காது. விளக்கு எரியாத 10 பேரில் 8 பேருக்குப் பீதி. எரிந்த 10 பேரில் 2 பேருக்கு. வாயு ஒன்றே, கட்டுப்பாடு தன் கையில் என்ற நம்பிக்கைதான் வேறு.

அப்படியானால் உடம்பு பொய்யா? இல்லை. 2013இல், மூளையில் அமிக்டலா சிதைந்து பயமே அறியாதவர்கள் எனக் கருதப்பட்ட மூவருக்கு 35 சதவீதக் கரியமில வாயு கொடுத்தபோது அவர்களும் பீதியில் துடித்தார்கள்.

ஆக, வேதியியலா கதையா என்று கட்சி கட்டுவதில் பயனில்லை. மூச்சுக்கு அதன் பயம் உண்டு. அந்தப் பயம் எவ்வளவு பெருகும் என்பதில் அதிகாரத்துக்கும் பங்குண்டு. 1967இல் லாக்டேட்டை அளந்து ஏற்றினார்கள். படுக்கையில் கிடப்பவருக்கும் ஊசி பிடித்தவருக்கும் நடுவே இருந்ததை யாரும் அளக்கவில்லை. பயப்படுகிறவர் கையில் திருகு இருக்கிறதா என்று கேட்காத எந்த மருத்துவமும் பாதி மருத்துவம்தான்.