வண்ணத்திற்கு வந்த கோடு: ஓவியர் ஆதிமூலம்

நடுகற்கள் மிகுந்த மண் தருமபுரி. வில்லோ வாளோ ஏந்தி நிற்கும் வீரன், அவன் உடலில் தைத்த அம்புகள், சிலவற்றில் அவன் மீட்ட ஆநிரை, அருகே வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டும் ஊரும் பெயரும். உருவமும் எழுத்தும் ஒரே கல்லில் உளியால் பிறந்தவை. பழந்தமிழில் ‘எழுதுதல்’ என்ற சொல் ஓவியம் தீட்டுதலையும் குறித்தது என்பதை நூல்களில் படித்து அறிவதினும் இக்கற்களின் முன் நின்று உணர்வது எளிது. 2004 வரை இம்மாவட்டத்தோடு இருந்து, இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் அடங்கும் மல்லபாடியின் பாறையில் குதிரைமேல் அமர்ந்த வீரர்களை வெண்ணிறத்தால் எழுதி வைத்தவன் யாரெனத் தெரியாது. ஒற்றை நிறம், அதுவே கோடு, அதுவே வடிவம்.

எழுத்துக்கும் கோட்டுக்கும் இருந்த இந்தப் பழைய உறவு அச்சு வந்தபின் தளர்ந்தது. கவிஞன் ஒரு பக்கமும் ஓவியன் ஒரு பக்கமுமாகப் பிரிந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவ்வுறவை மீட்டவர்களுள் முதன்மையானவர் கே. எம். ஆதிமூலம். தமிழ்க் கவிஞர்கள் அவரை நன்கு அறிவார்கள். ஆனால் அவர்கள் அறிந்தது பாதி ஆதிமூலத்தை மட்டுமே. மறுபாதி வண்ணத்தில் இருந்தது.

திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்தவர் அவர். சென்னைக்கு வந்து, சிற்பி எஸ். தனபாலின் ஆதரவால் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, 1966இல் பட்டயம் பெற்றார். அலெக்சாண்டர் அண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1850இல் கைத்தொழில் கற்பிக்கத் தொடங்கிய பள்ளி அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை தலைமையேற்று அதனைக் கலைக்கூடமாக ஆக்கினார். அவருக்குப்பின் வந்த கே. சி. எஸ். பணிக்கர், மேனாட்டு நவீனத்தைப் பார்த்து எழுதுவதில் நிறைவு காணாமல், இந்த மண்ணுக்குரிய நவீனம் எது என்று தேடினார். 1963இல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துகளும் சாதகக் கட்டங்களும் ஓவியத்தின் உறுப்புகளாயின. படிக்க வேண்டாத எழுத்து, பார்க்க வேண்டிய எழுத்து. அந்தக் காற்றில்தான் ஆதிமூலம் பயின்றார்.

அவர் கைக்கொண்டது பேனாவும் கறுப்பு மையும். 1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி ஏறத்தாழ நூறு காந்திச் சித்திரங்களை அவர் எழுதினார். சிக்கலும் பின்னலுமாக ஓடும் கோடுகள் கூடுமிடத்தில் அம்முதியவரின் முகம் திரண்டு வரும். அடுத்து வந்த ஆண்டுகளில் அரசர்கள். பட்டும் மணியும் தலைப்பாகையும் இருக்க உள்ளே உளுத்துப்போன மன்னர்கள். மரியாதையும் எள்ளலும் ஒரே பேனாவில் வந்தன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இந்தக் கோடுகள் தமிழ் எழுத்துலகுக்குள் பரவியதற்கு அழகியல் மட்டும் காரணமன்று. அச்சுத் தொழிலும் காரணம். அக்காலச் சிற்றிதழ்கள் கையால் எழுத்துக் கோத்து அச்சான ஏழை இதழ்கள். ஒரு புகைப்படத்தை அச்சிட வேண்டுமானால் புள்ளிகளால் ஆன பிளாக் வேண்டும், வழவழப்பான தாள் வேண்டும். வண்ணம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பிளாக். நூற்றுக்கணக்கில் மட்டும் விற்ற இதழுக்கு அது கனவிலும் கூடாதது. கோட்டோவியத்துக்கோ ஒரு துத்தநாக பிளாக் போதும். மட்டமான தாளிலும் கறுப்புக் கோடு கறுப்பாகவே விழும். ஆகவே ஆதிமூலத்தின் கோடு கவிதைக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது. இதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதித்தந்த தலைப்பெழுத்துகளில் கல்வெட்டின் சாயல் தெரிந்தது. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது அவருடைய சித்திரங்கள் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் சென்றன. நவீன ஓவியம் என்ற பெயரையே கேளாதவர்களும் அந்தக் கரிசல் முகங்களை இனங்கண்டார்கள்.

இப்படி ஒரு கோடு கைவந்து, பெயரும் கிடைத்தபின், அதிலேயே இருந்துவிடுவது எவர்க்கும் இயல்பு. ஆதிமூலம் இருக்கவில்லை. இதழ்களுக்கு வரைவதைக் கைவிடாமலே, எண்பதுகளில் தம் திரைச்சீலைகளில் உருவத்தை விட்டார். கோட்டையும் ஏறக்குறைய விட்டார். எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் தடிப்பாக அப்பி, இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்த பெரும் நிறப்பரப்புகள் வரலாயின. அவற்றில் மலை என்று சுட்ட மலை இல்லை, நீர் என்று சுட்ட நீர் இல்லை. ஆனாலும் நிலத்தைப் பார்த்த நினைவு ஒன்று எஞ்சும். நீலத்தின் நடுவே ஒரு வெடிப்பும், அதன்வழி கசியும் வேறொரு நிறமும் காண்பவரை வானத்துக்கோ ஏரிக்கோ இழுத்துச் செல்லும்.

அருவ ஓவியம் என்றதும் அதைத் தன்னெழுச்சியோடு சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. உணர்ச்சி பொங்கிற்று, வண்ணம் கொட்டிற்று, ஓவியம் ஆயிற்று என்பது அவ்வழக்கின் சுருக்கம். ஆதிமூலத்தின் வாழ்வு அதை மறுக்கிறது என்றே தோன்றுகிறது. மைக்கோடுதான் உண்மையில் தன்னெழுச்சிக்கு உரியது. தாளில் விழுந்த மையை அழிக்க இயலாது. கை தயங்கினால் தயக்கமும் பதிந்துவிடும். எண்ணெய் வண்ணம் அப்படியன்று. அது உலர நாள்கள் ஆகும். சுரண்டலாம், மூடலாம், மூடியதைக் கீறித் திறக்கலாம். வண்ணத்துக்கு வந்த ஓவியன் விரைவை விட்டுக் காத்திருப்பைத் தேர்ந்தான் எனலாம். முதல் நிறம் எழுச்சியில் வருவதாயினும் இரண்டாம் நிறம் முதலாவது கேட்பதைத் தருவது. அதன்பின் ஓவியன் விரும்புவது பாதி, பரப்பு விரும்புவது பாதி. ஆனால் அவ்வாறு கேட்டுத் தருவதற்கு, இருபது ஆண்டுகள் அழிக்க முடியாத மையில் பழகிய கை வேண்டியிருந்தது.

மேனாட்டு வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. அருவ ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான கண்டின்ஸ்கி, உள்ளிருந்து திடீரென எழுந்தவற்றையும், நெடுநாள் உருவாக்கி அமைத்தவற்றையும் வெவ்வேறு பெயரிட்டுப் பிரித்தார். அவருடைய ஏழாம் ‘கம்போசிஷன்’ 1913 நவம்பர் இறுதியில் நான்கே நாள்களில் தீட்டப்பட்டது. நான்கு நாள்கள் என்பதை மட்டும் கேட்பவர் வியப்பார். அதற்குமுன் அவர் முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகள் செய்திருந்தார். தரையில் விரித்த சீலையில் வண்ணத்தைச் சொட்டவிட்ட அமெரிக்கர் ஜாக்சன் பொல்லாக்கும், தம் ஓவியம் தற்செயலால் ஆனது என்பதை ஏற்கவில்லை.

கவிஞர்களுக்கு இது அயலான வழக்கன்று. சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபின் புதுக்கவிதையின்மீது எழுந்த குற்றச்சாட்டு எது? யாப்பில்லை, ஆகவே எவரும் எழுதலாம் என்பதுதானே. அருவ ஓவியத்தைப் பார்த்து, குழந்தையும் இதைச் செய்யுமே என்றவர்கள் அதே குற்றச்சாட்டை வேறு சொற்களில் சொன்னார்கள். முன்னதற்கு மறுமொழி சொல்லித் தழும்பேறிய கவிஞர்களே பின்னதைத் தாமும் சொல்லியதுண்டு என்பதுதான் வேடிக்கை. பழைய கோட்டுக்காரரையே அவரிடம் எதிர்பார்த்த எழுத்துலகம், அவருடைய வண்ணங்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

சொல்லிலிருந்தே வண்ணத்துக்குப் பெயர்ந்தவரும் சென்னையில் இருந்தார். பாலக்காட்டுக் கூடல்லூரில் 1945இல் பிறந்து, பொறியியல் பணிக்காகச் சென்னை வந்த அச்சுதன் கூடல்லூர், முன்பு மலையாளத்தில் சிறுகதை எழுதியவர். அவரும் உருவத்தில் தொடங்கி உருவத்தை விட்டவரே. கதை சொல்லத் தெரிந்தவர் கதையே இல்லாத சிவப்புகளுக்கு வந்து சேர்ந்தார். 2022இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். இவர்கள் இருவரையும் ஒருங்குவைத்து, எழுத்துக்கும் வண்ணத்துக்கும் உள்ள வழியைத் தமிழில் விரிவாக ஆராய்வது இனி செய்யப்பட வேண்டிய பணி.

ஆதிமூலம் 2008 சனவரி 15ஆம் நாள் மறைந்தார். அவர் கோடுகள் அடங்கிய பழைய இதழ்கள் தருமபுரி போன்ற ஊர்களிலும் அலமாரிகளில் பழுப்பேறிக் கிடக்கின்றன. எடுத்துப் புரட்டினால் கோடு அன்றுபோலவே கறுப்பாக நிற்கும். வண்ண ஓவியங்களுக்கு அந்தப் பேறு இல்லை. ஆப்செட் அச்சு வந்து நான்கு நிறங்களும் மலிவான பின்னும், தாளில் காண்பது தட்டையான நீலம் மட்டுமே. மூலச்சீலையின் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கத்தி இழுத்து நிறுத்திய வண்ணத்தின் வரப்புகள் தெரியும். ஒவ்வொரு வரப்பும் தனக்கு அடுத்த நிறத்தின்மேல் மெல்லிய நிழல் ஒன்றை வீழ்த்தும். தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அது ஒரு கோடாகத் தெரியும்.