ஈரலின் வழிகளைக் கண்டவர்



அச்சத்தின் எல்லையைக் கூறவேண்டின் "ஈரற்குலை நடுங்கியது" என்று சொல்வது நம்மவர் வழக்கு. எத்தனையோ உள்ளுறுப்புக்கள் இருக்க, நம் முன்னோர் அச்சத்தை ஈரலோடு இணைத்துப் பேசினர். இவ்வழக்கு சத்திர வைத்தியருக்கும் ஒரு காலத்தில் நன்கு பொருந்தியது. இற்றைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்வரை, நோயாளியின் ஈரலில் கத்தி வைப்பதென்றால் கைதேர்ந்த வைத்தியருக்கும் ஈரற்குலை நடுங்கத்தான் செய்தது. அந்நடுக்கம் எவ்வாறு நீங்கியது, அதனை நீக்கியவர்களுள் ஆசியாக் கண்டத்தைச் சேர்ந்த ஒருவர் எத்தகைய பங்கு கொண்டார் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் ஈரலின் இயல்பைச் சிறிது நோக்குவோம். வளர்ந்த மனிதனது ஈரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறையுடையது. நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் இரத்தம் அதனூடே பாய்கின்றது. அவ்விரத்தத்தில் காற்பங்கு அளவே இருதயத்திலிருந்து நாடி வழியாக நேரே வருவது. மீதி முக்காற்பங்கும் குடலிலிருந்து உணவின் சத்தைச் சுமந்துகொண்டு ஒரு பெரு நாளத்தின் வழியே வந்து சேர்கின்றது. ஈரலிற் சுரக்கும் பித்தம் சிறு குழாய்களின் வழியே இறங்கிப் பித்தப்பையிற் சிறிது தங்கிப் பின் குடலிற் கலக்கின்றது. ஆகவே, குடலும் பித்தப்பையும் ஈரலும் ஒரே வீட்டின் மூன்று அறைகள் போன்றவை. ஒன்றில் நேர்ந்த கேடு மற்றவற்றையும் தீண்டாது விடுவதில்லை.

இம்மூன்றனுள் முதலில் வைத்தியரின் கத்திக்கு இணங்கியது பித்தப்பையாகும். பேர்லின் நகரிலிருந்த லாசரஸ் வைத்தியசாலையிற் பணிபுரிந்த கார்ல் லாங்கன்பூக் என்பவர், பித்தப்பையினுள் உண்டாகும் கற்களை மட்டும் எடுப்பதாற் பயனில்லை, கல்லை விளைவிக்கும் பையையே அகற்றவேண்டும் என்று கருதினார். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பை இல்லை. அவை வாழவில்லையா என்பது அவர் எடுத்துக் காட்டிய நியாயம். பிரேதங்களிற் பல ஆண்டு பயின்ற பின்னர், 1882ஆம் ஆண்டு ஜூலை 15ஆந் திகதி, பதினாறு ஆண்டுகளாக நோயால் வருந்திய 43 வயதினர் ஒருவரின் பித்தப்பையை அவர் முழுதாக அகற்றினார். நோயாளி நலம் பெற்றார்.

அதே லாங்கன்பூக் 1888ஆம் ஆண்டில் ஈரலிலும் துணிந்து கை வைத்தார். இடப்பக்க ஈரலில் ஒரு பகுதியை அகற்றி வயிற்றை மூடியபின், உள்ளே இரத்தம் பெருகத் தொடங்கிற்று. மீண்டும் வயிற்றைத் திறந்து இரத்தப்பெருக்கை நிறுத்த நேர்ந்தது. நோயாளி பிழைத்தார் எனினும், வைத்திய உலகம் கற்ற பாடம் வேறு: ஈரலை எவ்விடத்தில் வெட்டினாலும் இரத்தம் பெருகும், அப்பெருக்கு எங்கிருந்து வருகின்றது என்பதை அறிவதற்கு வழியில்லை. மென்மையான ஈரலின் தசையில் நூலிட்டுக் கட்டினால் நூல் தசையை அறுத்துக்கொண்டு போகும். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தவரான ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் என்பார், ஈரலுக்குச் செல்லும் நாடியையும் நாளத்தையும் வாயிலிலேயே விரல்களால் நெரித்துப் பிடித்தாற் குருதிப்பெருக்குத் தற்காலிகமாக அடங்கும் என்று 1908ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஆயினும் நெரித்த விரலை எப்போதேனும் எடுத்தே ஆகவேண்டுமன்றோ? அதற்குள் எதைக் கட்டுவது, எங்கே கட்டுவது என்ற வினா அப்படியே நின்றது.

உண்மையில் வேண்டியிருந்தது ஒரு படம். நிலத்தின் படமின்றிக் காட்டினுள் வழி வெட்டப் புகுந்தவன் நிலைதான் அன்றைய சத்திர வைத்தியரின் நிலை. ஈரலின் உள்ளமைப்பைப் பற்றி இங்கிலாந்து தேசத்துப் பிரான்சிஸ் கிளிசன் 1654ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியிருந்தார். ஹொங்கொங்கில் வைத்தியம் போதித்தவரும், பிற்காலத்திற் சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட் சென்னின் ஆசிரியருமான ஜேம்ஸ் கான்ட்லி, ஈரலின் வலப்பாதியையும் இடப்பாதியையும் பிரிக்கும் உண்மையான எல்லை வெளியே தோன்றும் மடிப்பன்று, பித்தப்பை பதிந்துள்ள இடத்தினூடே செல்வதே அது என்று 1897ஆம் ஆண்டிற் காட்டினார். எல்லை தெரிந்தது. ஆனால் எல்லைக்குள்ளே கிளைத்தோடும் வழிகள் இன்னும் தெளிவாகவில்லை.

இனி நாம் ஹனோய் நகருக்குச் செல்வோம்.

அக்காலத்தில் வியட்நாம் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்தது. கொள்ளைநோயின் கிருமியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் யெர்சினைத் தலைவராகக் கொண்டு 1902ஆம் ஆண்டில் அங்கே ஒரு வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. அக்கல்லூரியிற் பயின்றவர் தோன் தட் துங் என்னும் இளைஞர். 1912ஆம் ஆண்டிற் பிறந்த அவர், நாட்டின் அரச குடும்பத்தோடு உறவுடைய குலத்தினர். ஆயினும் அந்நிய ஆட்சியிற் குலப்பெருமையாற் பயன் ஏதும் விளையவில்லை. வைத்தியசாலையில் உள்ளிருந்து பயிலும் பதவிக்குரிய போட்டிப் பரீட்சை அந்நாட்டவர்க்குத் திறந்திருக்கவில்லை. அதனைத் திறக்கவேண்டுமென வற்புறுத்தியவர்களுள் துங் முன்னின்றார். 1938ஆம் ஆண்டில் பரீட்சை நடைபெற்றது. அவர் அதிற் சித்தியெய்தினார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவரது ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. 1935ஆம் ஆண்டில் ஒரு பிரேதத்தைப் பரிசோதித்தபோது, ஈரலின் பித்தக் குழாய்களினுள்ளே உருண்டைப் புழுக்கள் புகுந்திருக்கக் கண்டார். இப்புழுக்களை நாம் அறியாதவர்களல்லேம். பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது இவை போன்றவற்றை வெளியேற்றுவதற்காகவே. குடலில் வாழவேண்டிய இப்புழு சில வேளைகளில் மேலேறிப் பித்தக் குழாயினுள் நுழையும். நுழைந்தால் வழி அடைபடும், சீழ் கட்டும், கல் விளையும். அசுத்தமான நீரும் மண்ணும் மலிந்த வெப்ப நாடுகளில் ஏழை மக்களை வாட்டிய துன்பங்களுள் இதுவும் ஒன்று.

புழு அடைத்திருந்த குழாய்கள் பருத்து, கண்ணுக்குப் புலப்படும்படி நின்றன. அதனைக் கண்ட துங்குக்கு ஓர் எண்ணம் பிறந்தது. ஈரலின் தசையைச் சுரண்டி நீக்கிவிட்டால், உள்ளே கிளைத்தோடும் குழாய்களும் நாளங்களும் மரத்தின் கிளைகள் போல் எஞ்சி நிற்குமன்றோ? விலையுயர்ந்த கருவி ஏதும் இதற்கு வேண்டியதில்லை. சிறியதொரு சுரண்டுகருவியும், கண்டதை வரைந்துகொள்ளக் காகிதமும், எல்லையற்ற பொறுமையுமே வேண்டும். 1935 தொடக்கம் 1939 வரை அவர் இருநூறுக்கும் மேற்பட்ட ஈரல்களை இவ்வாறு சுரண்டி ஆராய்ந்து படம் வரைந்தார். 1939ஆம் ஆண்டில் அவர் சமர்ப்பித்த ஆய்வுக்குப் பாரிஸ் சர்வகலாசாலை வெள்ளிப் பதக்கம் வழங்கியது.

படம் கைக்கு வந்ததும் அதனைப் பயன்படுத்தவும் துணிந்தார். அதே ஆண்டில் அவரும் அவரது பிரெஞ்சு ஆசிரியரான மெயர்-மே என்பவரும் சேர்ந்து, புற்றுநோய் பற்றிய இடப்பக்க ஈரற்பகுதியை, நாளங்களை இனங்கண்டு கட்டிய பின் முறைப்படி வெட்டி அகற்றினர். நோயாளி சத்திர சிகிச்சையிலிருந்து குணமடைந்து ஐந்து மாதம் உயிர் வாழ்ந்தார். செய்தி பாரிஸ் நகரத்துச் சத்திரவியற் கழகத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே அதற்குக் கிடைத்தது ஊக்கமன்று, ஐயமே. இத்தகைய சிகிச்சைக்கு எதிர்காலம் உண்டென அறிஞர்கள் நம்பவில்லை.

இதனை நாம் நடுவுநிலையோடு நோக்குதல் வேண்டும். ஐயுற்றோர் அனைவரையும் அடிமை நாட்டவனது ஆராய்ச்சியை இகழ்ந்தோர் என்று தள்ளிவிடுதல் நீதியாகாது. அந்நாளில் இரத்தம் ஏற்றும் வசதி குறைவு. கிருமிகளைக் கொல்லும் மருந்துகளும் போதியவாறு இல்லை. ஒரு நோயாளியின் ஐந்து மாத வாழ்வைக் கொண்டு ஒரு முறையை நிலைநாட்டவும் முடியாது. ஆயினும் ஈரலின் உட்படம் ஒன்று கிடைத்துவிட்டது என்ற உண்மையை அவர்கள் போதிய அளவு மதிக்கவில்லை என்பதும் மெய்யே. துங் அம்முறையைக் கைவிட்டார்.

பின்னர் யுத்தம் வந்தது. 1945ஆம் ஆண்டில் வியட்நாம் சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1946ஆம் ஆண்டின் இறுதியிற் பிரெஞ்சுப் படையோடு போர் மூண்டபோது, துங் ஹனோய் நகரை விட்டு வடக்கே மலைக்காடுகளுக்குச் சென்றார். அங்கே காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்தும், இளைஞர்க்கு வைத்தியம் கற்பித்தும் எட்டாண்டுகள் கழிந்தன. 1954ஆம் ஆண்டில் தியென் பியென் பூ போர்க்களத்தில் அவர் பணியாற்றினார்.

அவர் காட்டிலிருந்த காலத்திலேயே, 1952ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து லொர்தா-ஜாக்கோப் என்னும் வைத்தியர், நாளங்களை முன்னரே கட்டி வலப்பக்க ஈரலை முறைப்படி அகற்றியதை வெளியிட்டார். உலகம் அதனை வரவேற்றது. 1957ஆம் ஆண்டில் குயினோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ஈரலை எட்டுக் கூறுகளாகப் பிரித்துக் காட்டி ஒரு நூல் வெளியிட்டார். அப்பிரிவே இன்று எங்கும் வழங்குகின்றது.

ஹனோய்க்குத் திரும்பிய துங், 1960ஆம் ஆண்டை அடுத்து மீண்டும் ஈரலை நாடினார். லொர்தா-ஜாக்கோப்பின் முறையில் நாளங்களை ஈரலுக்கு வெளியே ஒவ்வொன்றாகத் தேடிக் கட்டவேண்டும். அதற்குப் பல மணி நேரம் செல்லும். துங்கோ உள்ளே சென்றார். வாயிலிற் குருதியைத் தற்காலிகமாகத் தடுத்துவிட்டு, எல்லைக் கோட்டின் வழியே ஈரலின் மெல்லிய தசையை விரல்களால் நெரித்துப் பிரித்தார். தசை பிரியும், உறுதியான நாளங்கள் விரலுக்குத் தட்டுப்படும். அவற்றை அங்கேயே கட்டி வெட்டினார். இது சில நிமிடங்களில் முடியும் வேலை. இருநூறு ஈரல்களைச் சுரண்டிய கை, எந்த நாளம் எங்கே வரும் என்பதைக் கண்ணாற் காணுமுன்னரே அறிந்திருந்தது. ஏறக்குறைய இக்காலத்திலேயே தாய்வானில் லின் தியென்-யூ என்பவரும் விரலால் ஈரலைப் பிரிக்கும் முறையைக் கையாண்டார் என்பதையும் சொல்லவேண்டும். துங்கின் கட்டுரை 1963ஆம் ஆண்டு இலண்டனில் "லான்செட்" சஞ்சிகையில் வெளிவந்தது. 1977ஆம் ஆண்டில், முன்னர் ஐயுற்ற அதே பாரிஸ் சத்திரவியற் கழகம் அவருக்கு லானலோங் பதக்கத்தை வழங்கிக் கௌரவித்தது. 38 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் 1982ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி காலமானார்.

நேயர்களே, இவ்வரலாற்றாற் சாதாரண மக்களுக்கு விளைந்த நன்மை யாது? ஈரல் ஒன்றே போற் காணினும், தனித்தனி நாடியும் நாளமும் பித்தக் குழாயும் உடைய கூறுகளால் ஆயது என்பது தெளிந்தபின்னரே, கெட்ட கூற்றை அகற்றி நல்ல கூற்றை விடுதல் எளிதாயிற்று. எஞ்சிய ஈரல் வளர்ந்து குறையை நிரப்பிக்கொள்ளும் ஆற்றலுடையது. அதனால் ஒருவரது ஈரலின் ஒரு பகுதியை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துதலும் இயல்வதாயிற்று. 1989ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில், ஜப்பானியத் தாய் ஒருத்தி தன் ஈரலின் ஒரு பகுதியைத் தன் மகனுக்கு ஈந்தாள். தாயும் பிழைத்தாள், மகனும் பிழைத்தான். எங்கே வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்று கூறும் படம் இன்றேல், அத்தாயின் மேனியில் எந்த வைத்தியர் கத்தி வைக்கத் துணிவார்?

அப்படம் ஒருவரால் மட்டும் வரையப்பட்டதன்று. இங்கிலாந்தினரும் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அதிற் கோடிட்டனர். ஆயினும் அக்கோடுகளுட் பல, செல்வமற்ற ஒரு நாட்டிலே, பிரேத அறையிலே, புழுவரித்த ஈரலொன்றை அருவருக்காது உற்றுநோக்கிய ஒரு மாணவன் இட்டவை. இன்று ஹனோய் வைத்திய சர்வகலாசாலை அமைந்துள்ள வீதிக்கு, தோன் தட் துங் வீதி என்றே பெயர்.