ஹென்ரியெட்டா தெரு, எண் 14: ஒரு ஜார்ஜிய மாளிகை ஒண்டுக்குடித்தனமான வரலாறு

அயர்லாந்தின் டப்ளின் நகரின் வடபகுதியில் ஹென்ரியெட்டா தெருவை 1720களில் உருவாக்கத் தொடங்கியவர் வங்கியாளர் லூக் கார்டினர். அத்தெருவின் 14ஆம் எண் வீட்டை 1740களின் இறுதியில் அவரே கட்டினார். பிரபு குடும்பத்துக்கென எழுந்த அவ்வீட்டில், 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 17 குடும்பங்களாக 100 பேர் வாழ்ந்தனர். இதை மாளிகையொன்று பாழ்பட்ட கதையாகவே பலரும் எழுதுகிறார்கள். கட்டடத்தின் உள்ளமைப்போ வேறொன்றையும் சொல்கிறது.

ஜார்ஜிய டப்ளின், அதாவது ஜார்ஜ் என்ற பெயருடைய பிரிட்டிஷ் மன்னர்கள் காலத்து டப்ளின், தன் செல்வத்தைத் தெருவில் காட்டிக்கொள்ளவில்லை. முகப்பில் வெறும் செங்கல், வரிசை பிசகாத உயர்ந்த சன்னல்கள், அவ்வளவுதான். ஆடம்பரமெல்லாம் உள்ளே. வாசலைத் தாண்டியதும் பெரிய மாடிப்படி ஏறும் உயர்ந்த கூடம், முதல் மாடியில் சுதை வேலைப்பாடு கொண்ட விருந்தினர் அறைகள், நிலவறையில் சமையற்கட்டு. வேலையாட்கள் விருந்தினர் கண்ணில் படாமல் ஏறி இறங்கப் பின்புறம் தனிப்படி. முதலில் குடியேறிய மோல்ஸ்வொர்த் பிரபு பின்னாளில் அயர்லாந்துப் படைகளின் தலைமைத் தளபதியானவர்.

1801இல் அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டு டப்ளின் நாடாளுமன்றம் மறைந்ததும் பிரபுக்கள் லண்டனை நோக்கி நகர்ந்தனர். தெருவுக்கு வழக்கறிஞர்கள் வந்தனர். பெரும்பஞ்சத்தில் கடனில் மூழ்கிய நிலவுடைமையாளர்களின் சொத்துகளை விற்பதற்கென்றே ஏற்பட்ட நீதிமன்றம் 1850இல் இவ்வீட்டில்தான் அமர்ந்தது. நிலவுடைமையின் செழிப்பில் எழுந்த கூடத்திலேயே அதன் ஏலம்! அடுத்து வீடு படைவீரர் குடியிருப்பாயிற்று.

தாமஸ் வான்ஸ் என்பவர் 1877இல் இவ்வீட்டை வாங்கியதே உண்மையான திருப்பம். அவர் பெரிய மாடிப்படியைப் பெயர்த்தெடுத்து, வீட்டை 19 குடியிருப்புகளாகப் பிரித்தார். ஓர் அறை கொண்டவையும், மூன்று நான்கு அறை கொண்டவையும் அவற்றில் இருந்தன. இது தானாக நேர்ந்த சிதைவல்ல, கணக்குப் போட்டுச் செய்த மறுவடிவமைப்பு. ஜார்ஜிய வீட்டின் அமைப்பே அதற்கு வழிவிட்டது என்பது என் கருத்து. பெரிய அறைகளில் கணப்படுப்பு ஏற்கெனவே இருந்தது. அதைச் சுற்றி ஒரு குடும்பம் சமைக்கலாம், குளிர்காயலாம். உயர்ந்த கூரை தடுப்புச் சுவர்களுக்கு இடம் தந்தது. ஆனால் ஒரு குடும்பத்துக்கான வீட்டில் தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் நூறு பேருக்கான ஏற்பாடு எப்படி இருக்கும்? குடியிருப்பாகப் பிரித்ததைவிட, பிரித்ததற்குள் மேலும் மேலும் ஆட்களை அடைத்ததே கேட்டின் வேர்.

1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் இத்தகைய வீடுகள் இடிந்து ஏழு பேர் மாண்டனர். தொடர்ந்த அரசு விசாரணை, நகரில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்வதை வெளிக்கொணர்ந்தது. ஆயினும் மாற்றுக் குடியிருப்பு மெல்லவே எழுந்தது. 1963 ஜூனில் போல்டன் தெருவிலும் ஃபீனியன் தெருவிலும் பழைய வீடுகள் சரிந்து நால்வர் இறந்த பின்னரே ஆபத்தான வீடுகளைக் காலிசெய்வது வேகம் பிடித்தது. அந்த வேகத்தில் பல ஜார்ஜிய வீடுகளும் இடிபட்டன. 14ஆம் எண் வீட்டின் கடைசிக் குடியிருப்பாளர்கள் 1970களின் இறுதியில் வெளியேறினர்.

நகராட்சியின் நீண்ட சீரமைப்புக்குப் பின் 2018இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சீரமைத்தவர்கள் 1740களுக்கு மட்டும் திரும்பிப் போய்விடவில்லை. பிரபு காலத்துச் சுதை வேலையோடு, குடித்தனக்காரர் காலத்துச் சிவப்பு, நீலச் சுவர்ப்பூச்சும் அடுக்கடுக்கான சுவர்த்தாள்களும் காப்பாற்றப்பட்டுள்ளன. வான்ஸின் தலையீட்டையும் இக்கட்டடத்தின் கட்டுமான வரலாற்றில் ஒரு கட்டமாக ஏற்ற முடிவு அது. கார்டினரின் வீட்டை மட்டும் மீட்டிருந்தால் நூறாண்டுக் குடியிருப்பு வரலாற்றின் சான்றுகள் சுவரோடு சுரண்டி எறியப்பட்டிருக்கும்.