வா... வா... ஓல்டான்!

போன ஆடித்தபசுக்கு முந்தின வாரம். வாசலில் நின்ற காரைப் பின்னால் எடுக்க ரிவர்ஸ் கியர் போட்டேன். திரையில் படம் வரவில்லை, வெறும் கறுப்பு. பழகிய வாசல்தானே என்று மெல்ல நகர்த்தினேன். "என்னங்க, நில்லுங்க!" என்று வீட்டுக்காரி போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்தேன். பக்கத்து வீட்டுப் பொடிப்பயல் காருக்குப் பின்னால் குனிந்து பந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மூன்று கண்ணாடியிலும் அவன் தெரியவில்லை.

நடுக்கம் அடங்கியபின் யோசித்தேன். இந்தக் கேமரா வருமுன் நமக்காகப் பின்னால் பார்த்தது யார்?

மனிதர்கள்தாம். லாரி என்றால் கிளீனர் குதித்து இறங்கி, பாடியைத் தட்டிக்கொண்டே "வா... வா... ஓல்டான்!" என்பார். பஸ் என்றால் கண்டக்டர் விசில். நம் ரத வீதிகளில் அந்தக் குரலை நம்பித்தான் வண்டிகள் பின்னால் வந்தன.

வெளிநாட்டுக் கதையும் இப்படியே. 1911இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயம். மற்ற கார்களில் ஓட்டுபவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து, பின்னால் வருபவர்களைக் கவனித்துச் சொல்வார். ரே ஹாருன் மட்டும் தனியாக ஓட்டினார். அந்த ஆளுக்குப் பதிலாக ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார், ஜெயித்தும் விட்டார். ஆனால் செங்கல் பாவிய பாதையில் கண்ணாடி ஆடிய ஆட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னாராம். பழுது அன்றைக்கே தொடங்கிவிட்டது!

1956இல் ப்யூக் செஞ்சுரியன் என்ற கண்காட்சிக் காரில் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பதில் டெலிவிஷன் கேமராவும் சின்னத் திரையும் வைத்தார்கள். நம் நாட்டுக்கு டெலிவிஷன் வந்ததே 1959இல்தான். அந்தக் கார் விற்பனைக்கு வரவில்லை. 1991இல் ஜப்பானில் வந்த டொயோட்டா சோவாரர் காரில் கேமராவும் வண்ணத் திரையும் இருந்தன.

ஆனால் அதைக் கட்டாயமாக்கியது ஒரு துயரம். 2002இல் நியூயார்க் மாநிலத்தில், தந்தை பின்னால் எடுத்த காரில் அடிபட்டு 2 வயதுக் குழந்தை கேமரன் குல்பிரான்சன் இறந்தான். அவன் பெயரிலேயே 2008இல் அமெரிக்காவில் சட்டம் கையெழுத்தானது. 2018 மே முதல் அங்கே புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய கார்களில் சென்சார் கட்டாயமானது.

சரி, என் கார் விஷயத்துக்கு வருகிறேன். திரையில் மற்றதெல்லாம் தெரிந்தது. ஆக, திரையில் பழுதில்லை. ரிவர்ஸ் லைட்டும் எரிந்தது. ஆக, கியர் சுவிட்சும் ஃபியூசும் சரி. மிச்சம் கேமராவும் அதற்குப் போகும் வயரும்தான். எலக்ட்ரீஷியன் டிக்கிக் கதவைத் திறந்து, கீல் பக்கமுள்ள ரப்பர் குழாயை அசைத்தார். படம் வந்து வந்து போனது. கதவைத் திறந்து மூடியதில் மேலுறைக்குள்ளேயே வயர் அறுந்திருக்கிறது! சால்டர் வைத்து, டேப் சுற்றினார். வேலை முடிந்தது.

படம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். வீட்டுக்காரியும் வாசலில் நிற்கிறாள். அந்த ஒரு குரலுக்கு வயர் கிடையாது. அறுந்துபோகும் பயமும் இல்லை.